ஆற்றங்கரையில் இரண்டு கிழமை

“அங்க எங்கட ஆக்கள் ஆர் அண்ணை இருக்கினம்?” என்று கேட்டாள் கலாவதி.

“ஒருத்தரும் இல்லை. அதுதான் அங்க போனனான்” என்றார் பரமேஸ்வரன்.

இல்ஃபோர்ட் கோயில் மண்டபத்தில் புதன்கிழமைகளில் ஓய்வுபெற்றவர்களுக்குத் தேநீர் கொடுப்பார்கள். தேநீர் ஒரு சாட்டுத்தான். போய்வந்த இடத்துக் கதையை அவிழ்த்துவிடத்தான் எல்லாரும் வருவார்கள். வாசுதேவன் ரொறன்ரோவில் மகளைப் பார்த்துவிட்டு வந்தால் அந்தக் கதை தைப்பொங்கல் வரைக்கும் ஓடும். பரமேஸ்வரனுக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி காலமாகி மூன்று வருடம். சொல்ல ஒரு கதையும் இல்லாததால் அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அது அவருக்கு வலித்தது.

ஜூலையில், லீவுக்கு யார் எங்கே போகிறார்கள் என்ற பேச்சு ஒரு சுற்று வந்தது. தன் முறை வந்ததும், “சீனா” என்றார். எங்கள் ஆட்களிடம் ரொறன்ரோ என்றால் எந்தத் தெரு என்பார்கள். பாரிஸ் என்றால் யார் வீட்டில் நின்றீர்கள் என்பார்கள். சீனா என்றால் கேட்க ஒன்றுமில்லை.

ஆகஸ்டில் இரண்டு கிழமை, பதினான்கு நாளும், அவர் யார் கண்ணிலும் படவில்லை. இன்றைக்குத்தான் ஒரு பச்சைத் தேயிலை டின்னோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

“சின்ன ஊர். ஆத்தங்கரை” என்று தொடங்கினார். “சுத்திவர மலை. ஆனா தொடரா இல்லை. வயலுக்கு நடுவில ஒவ்வொண்டும் தனித்தனிய, குழல்புட்டைத் தள்ளி நிமித்தி வைச்ச மாதிரி நிக்கும். காலமையில பாதி மலை பனிப்புகாருக்குள்ள. ஆறு பச்சைப் பசேலெண்டு கிடக்கும். மூங்கில் தெப்பத்தில ஏத்திக்கொண்டு போவினம்.”

“படம் எடுத்திருப்பியள். காட்டுங்கோ பாப்பம்” என்றார் வாசுதேவன்.

“ஃபோன் ஆத்துக்குள்ள விழுந்திட்டுது.”

வாசுதேவன் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். பரமேஸ்வரனுக்கு முகம் சுண்டிப்போனது.

“தெப்பத்தில போகேக்க விழும்தானே” என்றாள் கலாவதி. “நீங்கள் சொல்லுங்கோ அண்ணை.”

“ஆறெண்டால் எங்கட நயாகராவைப் பாக்கவேணும்” என்று வாசுதேவன் ஆரம்பித்தார். அவ்வளவுதான், மண்டபமே நயாகரா பக்கம் திரும்பிவிட்டது.

கலாவதி மட்டும் திரும்பவில்லை. அவள் இந்தக் கூட்டத்துக்குப் புதிது. ஹவுன்ஸ்லோவில் மகனோடு இருந்தவள், இப்போது தனியாக இந்தப் பக்கம் வந்துவிட்டாள். ஏன் என்று அவள் சொல்லவில்லை. மற்றவர்கள்தான் ஏதேதோ சொன்னார்கள்.

பரமேஸ்வரன் தேயிலை டின்னை அவளிடமே கொடுத்தார். அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் விலை ஸ்ரிக்கர் உரித்த பசை விரலில் ஒட்டியது.

“நல்ல வாசம்” என்றாள்.

கூட்டம் முடிந்து இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். வெளியே தூறிக்கொண்டிருந்தது.

“எங்க தங்கினனீங்கள்?”

“ஒரு நூடில்ஸ் கடைக்கு மேல, சின்ன அறை. யன்னலைத் திறந்தா ஆறு. காலமை கீழ இறங்கினா வீட்டுக்காரி முதல் கேக்கிறது, சாப்பிட்டிட்டியோ எண்டுதான். தன்ர ஃபோன்ல தமிழாக்கிக் காட்டுவா. அவையளுக்கு அதுதானாம் வணக்கம்.”

கலாவதி மடியிலிருந்த தேயிலை டின்னை மெல்லத் திருப்பினாள்.

“அப்பிடிக் கேக்க ஒரு ஆள் இருந்தா, எவ்வளவு தூரமெண்டாலும் போகலாம்” என்றாள்.

பரமேஸ்வரன் வெளியில் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு நீர்க்காகங்களைப் பற்றிச் சொன்னார். முன்பு அவற்றை வைத்துத்தான் மீன் பிடித்தார்களாம், இப்போது சுற்றுலாக்காரர் படமெடுக்க அவை தெப்பத்தில் சும்மா நிற்கின்றனவாம்.

“பாவங்கள், அதுகளுக்கும் ஓய்வூதியம்” என்றாள் கலாவதி. அவர் வாய்விட்டுச் சிரித்தார். மனைவி போனபிறகு அவர் கதையை இவ்வளவு நேரம் யாரும் இருந்து கேட்டதில்லை.

அவர் இறங்கிய தரிப்பிலேயே அவளும் இறங்கினாள். அவர் திரும்பிய தெருவுக்குள்ளேயே திரும்பினாள். மழைக்குள் தன்னோடு துணைக்கு நடக்கிறாள் என்று நினைத்தபோது அவருக்குச் சந்தோஷமாகவும் கூச்சமாகவும் இருந்தது. தன் பிளாட் கட்டடத்து வாசலில் நின்றார்.

“அப்ப நான் வாறன், கலாவதி. இதுதான் என்ர இடம்” என்று சொல்லிச் சட்டைப்பைக்குள் கதவுத் திறப்பைத் தேடினார்.

அதற்குள் கலாவதி தன் கைப்பையிலிருந்து ஒரு திறப்பை எடுத்து அந்த வாசல் கதவைத் திறந்துவிட்டாள்.

“ஓம், தெரியும் அண்ணை. தபால்பெட்டியில உங்கட பேர் பாத்தனான். நான் உங்களுக்கு நேர கீழ்வீடு. ஜூலைக் கடைசியில வந்தனான்.”

பரமேஸ்வரனின் கை சட்டைப்பைக்குள்ளேயே நின்றுவிட்டது. மலை, ஆறு, தெப்பம், வீட்டுக்காரி எல்லாம் அந்த வாசலிலேயே பொலபொலவென்று சரிந்தன. அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் ஈரமான தன் சப்பாத்துகளைப் பார்த்தார்.

“நீங்கள் சீனாவில நிண்ட ரெண்டு கிழமையும், மத்தியானத்தில உங்கட குக்கர் விசில் கேட்டாப் பிறகுதான் நானும் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்தனான்” என்றாள் கலாவதி, கதவைப் பிடித்துக்கொண்டு. “அடுத்த முறை போகேக்க ஒரு சுண்டு அரிசி கூடப் போடுங்கோ அண்ணை, நானும் வாறன்.”