பல்லி வாலும் சிக்கனக் குழுவும்

“என்ன சம்பந்தி, உங்க ஆளுங்க கத்தரிக்கோலைக் கீழே வெச்சாங்களா, இல்லை இன்னும் வெட்டிக்கிட்டேதான் இருக்காங்களா?”

ஞாயிறுதோறும் மகள் வீட்டுக்கு வரும் அச்சகக்காரர், செருப்பைக் கழற்றும் முன்பே இப்படி ஒரு கேள்வியை உள்ளே வீசுவது வழக்கம். அதற்காகவே நாளிதழை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, மகளின் மாமனாரான ஓய்வுபெற்ற தணிக்கையாளர் காத்திருப்பதும் வழக்கம். வந்தவர் எதிர்க்கட்சி, இருந்தவர் ஆளும் கட்சி. பேச்சு சூடேறியதும் அவளுடைய கணவன் ஓசைப்படாமல் அடுப்படிக்குள் புகுந்துகொள்வான். அவள் மட்டும் இருவருக்கும் நடுவில் அமர்ந்து சிரித்துக்கொண்டிருப்பாள்.

“வெட்டினாத்தான் சம்பந்தி முடி ஒழுங்கா வளரும்.”

“முடியோட சேத்துக் காதையும் வெட்டறாங்களே! அதுக்கும் கைதட்டறீங்களே!”

“உங்க ஆட்சியில தலை முழுக்கச் சிக்குப் பிடிச்சுக் கிடந்துச்சு. கேட்டா அறிவியல் வளர்ச்சின்னீங்க.”

அடுப்படியில் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. ஆனால், அவள் இன்று சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“என் ஆராய்ச்சியை நிறுத்திட்டாங்கப்பா. வெள்ளிக்கிழமையோட லேபைப் பூட்டணுமாம்.”

அச்சகக்காரர் துள்ளி எழுந்தார். “பாத்தீங்களா சம்பந்தி! நடக்க முடியாதவங்களை நடக்க வைக்கிற நரம்பு ஆராய்ச்சி அது. அதுல போய்க் கை வெச்சிருக்காங்க! எவன் எழுதிப் போட்டானோ, அவன் கையில…”

“அப்பா, போதும்.”

எழுதிப் போட்டது யார் என்பது யாருக்கும் தெரிய வழியில்லை. அரசாங்கம் அமைத்த சிக்கனக் குழுவுக்கு, எந்தச் செலவு வீண் என்று யார் வேண்டுமானாலும் கடிதம் எழுதலாம். எழுதியவரின் பெயரைக் குழு வெளியிடாது. அவ்வூர்க் குழுவில் தணிக்கையாளரும் ஓர் உறுப்பினர்.

“உன் ஆராய்ச்சிக்குத் தலைப்பு என்னம்மா?” என்றார் அவர்.

“‘அறுந்த பல்லி வால் மீண்டும் முளைத்தல்.’”



“பல்லியா?” என்றார் அப்பா. “நரம்புன்னுதானே பாப்பா சொல்லிக்கிட்டிருந்தே?”

“வாலோட நரம்பும் சேந்துதானேப்பா முளைக்குது. முதுகுத்தண்டுல அடிபட்டவங்களுக்கு அதுல ஏதாவது வழி கிடைக்குமான்னு பன்னிரண்டு வருஷமா பாக்கறேன். நூத்திநாப்பது பல்லி, ஒவ்வொண்ணுக்கும் தனி ஏடு. பூட்டினா அத்தனையும் போச்சு.”

தணிக்கையாளர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

“அந்தத் தீர்மானத்துக்கு நானும் கை தூக்கினேன்மா. உன்னோடதுன்னு தெரியாது. தலைப்பைப் படிச்சாங்க, எல்லாரும் சிரிச்சோம், கையைத் தூக்கிட்டோம்.”

இதைப் பிடித்துக்கொண்டு அப்பா ஆடித் தீர்த்துவிடப் போகிறார் என்று அவள் அஞ்சினாள். அவரோ கடிதத்தை எடுத்து இருமுறை படித்தார். பிறகு, அச்சகத்தில் வேலை இருக்கிறது என்று முணுமுணுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். சம்பந்தம் முறிகிற மாதிரி ஏதாவது வாயில் வந்துவிடக் கூடாதென்றுதான் போகிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

கடிதத்தின் கடைசி வரியை அவள் மாமனாரிடம் காட்டினாள். வெள்ளிக்கிழமைக்குள் புகார் எழுதியவரே நேரில் வந்து அதைத் திரும்பப் பெற்றால் உத்தரவு ரத்தாகும்.

“மாமா, நேரா கேக்கறேன். நீங்கதானே எழுதினது?”

“எழுதினது யாருன்னு வெளியே சொல்லக் கூடாதும்மா. அது குழுவோட விதி.”

“நீங்க இல்லைன்னா, இல்லைன்னாவது சொல்லலாமே?”

அவர் மடியிலிருந்த நாளிதழை மடித்து வைத்தார். “வெள்ளிக்கிழமை காலையில குழு ஆபீஸுக்குப் போவோம். நானும் வரேன்.”

அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நான்கு நாள் அவள் மாமனாருக்குச் சோறு பரிமாறினாள்; முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். ஐந்தாம் நாள், பேருந்தில் அவருக்குப் பின்னிருக்கையில் உட்கார்ந்து, அந்த நரைத்த தலையைப் பார்த்துக்கொண்டே வந்தவளுக்கு மனம் சற்று இளகிற்று. அவர் கையெழுத்துப் போட்டு முடித்ததும் ‘போகட்டும் மாமா’ என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அலுவலகத்தில் எழுத்தர் கோப்பைப் புரட்டினார். “பல்லி வாலா? புகார் எழுதினவர் கதவு திறக்கறதுக்கு முன்னாடியே வந்துட்டாரே. உங்ககிட்ட காட்டச் சொன்னதும் அவரேதான். அதோ, அந்த பெஞ்சுல.”

மாமனார் அவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

“புகாரோட கையெழுத்தைப் பாத்தப்பவே எனக்கு யாருதுன்னு தெரியும்மா,” என்றார் அவர் மெல்ல. “வெள்ளிக்கிழமைக்குள்ள அவராவே வருவாருன்னு இருந்தேன்.”

பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர் அவளுடைய அப்பா.

“கேலிக்குத்தான் எழுதினேன் பாப்பா. அரசாங்கம் பணம் குடுக்கற ஆராய்ச்சிங்க பட்டியல்லயே சிரிப்பான தலைப்பாப் பொறுக்கிப் போட்டா, இவங்க அதையும் நம்பி வெட்டுவாங்க, மேடை போட்டு மானத்தை வாங்கலாம்னு நினைச்சேன். உன் ஆராய்ச்சியைப் பத்தி ஊரெல்லாம் பெருமை பேசினேன். அது என்னன்னு உன்னை ஒரு நாளும் கேக்கலை. இதோ, திரும்ப வாங்கிக் கையெழுத்துப் போட்டுட்டேன். இப்ப என்னை உன் லேபுக்குக் கூட்டிட்டுப் போ, ஒவ்வொரு பல்லியாக் காட்டிச் சொல்லு.”