மூக்குப் பரிசோதனை

நோபேட் கதவைச் சாத்தித் தாழிட்டார். வெளியிலிருந்து எவரும் யோகராசாவுக்குச் சைகை காட்டிவிடக்கூடாது.

சாமான் அறையின் மேசைமேல் இரண்டு கண்ணாடிப் போத்தல்கள் நின்றன. ஒன்றுக்குச் சிவப்பு மூடி, மற்றதற்கு நீல மூடி. உள்ளே இருந்தவற்றில் வேறுபாடு தெரியவில்லை. இரண்டும் ஒரே தெளிவு. ஒன்றில் தண்ணீர். மற்றதில் றெசின் பசைத் தூரிகைகளைக் கழுவும் அசிட்டோன்.

போத்தல்களை நிரப்பி அனுப்பிய அலுவலகத்தார் எதில் எது என்று நோபேட்டிடமும் சொல்லவில்லை. அவருக்கு அது தேவைப்படும் என்று எவரும் நினைக்கவில்லை.

ஓட்டமாவடிக்குக் கிழக்கே, வாவியோரத்தில், பைபர் படகு வார்க்கும் கொட்டகை அது. போன மாதம் ரதீஸ் தண்ணீர் வாளி என்று நினைத்து அசிட்டோன் வாளியில் கைகழுவி, அந்த ஈரத்தோடு பீடியைப் பற்றவைத்தான். இப்போது இரண்டு கைகளையும் தலையணைமேல் வைத்தபடி வீட்டிலிருக்கிறான். அவனுக்கு மணம் தெரியாமல் போய் நெடுங்காலமாயிற்று என்பது அதன்பிறகுதான் தெரியவந்தது.

முதலாளி முகமூடி வாங்கவில்லை. மூக்குச் செத்தவர்களைக் கண்டுபிடித்து வீட்டுக்கு அனுப்பும்படி சொன்னார்.

கண்டுபிடிக்கும் பொறுப்பு மேற்பார்வையாளர் நோபேட்டுக்கு. அவருக்கு அது கசக்கவில்லை. முகமூடி வேண்டுமென்று முதலாளியிடம் நேரே கேட்ட ஒரே ஆள் யோகராசா. தன்னைத் தாண்டிப் பேசியவனை நோபேட் மறக்கவில்லை. யோகராசாவுக்கும் முன்பே இதே கொட்டகையில் தூரிகை பிடித்தவர் அவர். அந்தக் காலத்தில் தான் எவரிடமும் எதையும் கேட்டதில்லை என்று அடிக்கடி சொல்லிக்கொள்வார்.

யோகராசாவின் மூக்கும் செத்துத்தான் இருந்தது.

ஆடியமாவாசையன்று அமிர்தகழி மாமாங்கக் கோயிலில் கற்பூரத் தட்டு முகத்துக்கு நேரே வந்தபோது அவனுக்குக் கிடைத்தது சூடு மட்டுமே. பிறகொரு நாள், கெட்டுப்போன மீன்கறியை இரண்டாம் தடவையும் கேட்டான். மனைவி கண்ணகை அவன் சோற்றைப் பறித்துக் கோழிகளுக்குக் கொட்டினாள். கோழிகளும் அதைத் தொடவில்லை.

அன்றிலிருந்து சட்டி திறக்கப்படும்போது அவன் சட்டியைப் பார்ப்பதில்லை. கண்ணகையின் முகத்தைப் பார்ப்பான்.

இன்றும் அவனிடமிருந்த வழி அது ஒன்றே. கூடவே ஒரு சிறு துணை: காலையில் இதே பரிசோதனையில் இப்றாஹிமை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலைக்கு வந்து ஓர் ஆண்டுகூட ஆகாதவன். சிவப்பு மூடிப் போத்தலை நெடுநேரம் முகர்ந்து, தயங்கி, தண்ணீர் என்றானாம். நோபேட் சிரித்துக்கொண்டே கதவைக் காட்டினாராம். அது தண்ணீர்தான் என்று வாசல் படலைவரை சத்தியம் செய்துகொண்டே போனவன், ஏறாவூர் பஸ்ஸில் ஏறியபோது அழுதானாம்.

நோபேட் சிவப்பு மூடியைத் திறந்தார். தன் மூக்கருகே கொண்டுபோனார். முகம் சுளித்தார். பிறகு போத்தலை யோகராசாவின் மூக்கின்கீழ் நீட்டினார்.

“என்னடா, மூக்க மாமாங்கத்தில நேந்து விட்டிட்டியோ? இழுத்துப் பாத்துச் சொல்லு.”

யோகராசா இழுத்தான். வெறும் காற்று வந்தது.

அசிட்டோன் என்றான்.

நோபேட் இமைக்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை யோகராசாவுக்குப் பழக்கமானது. அதிலிருந்த பகையும் பழக்கமானது. அவன் கண்ணைத் தாழ்த்தவில்லை.

நீல மூடி திறந்தது. இம்முறை நோபேட்டின் முகம் அசையவில்லை.

தண்ணீர் என்றான் யோகராசா.

மறுபடியும் அதே பார்வை, அதே நீளத்துக்கு. பிறகு நோபேட் சிவப்பு மூடியைத் திருகி இறுக்கினார்.

“சரி. உனக்கு மூக்கிருக்கெண்டு முதலாளிக்கிட்டச் சொல்றன். வாயிருக்கெண்டு அவருக்கு முந்தியே தெரியும்.”

வேலை தப்பியது.

கண்ணாடியிழைத் தூசி கிளம்பாதிருக்கத் தரையில் தண்ணீர் தெளிப்பது அங்கே வழக்கம். நோபேட் நீல மூடிப் போத்தலைக் கவிழ்த்துத் தரையெங்கும் ஊற்றினார். சட்டைப்பையிலிருந்து பீடியை எடுத்து உதட்டில் வைத்தார். வழக்கமாக அசிட்டோன் வைக்கப்படாத அறை அது ஒன்றே. அவர் அங்கேதான் புகைப்பார்.

யோகராசாவின் பார்வை தரையில் இருந்தது. சீமெந்தில் படர்ந்த ஈரத்தின் ஓரம் உள்ளே சுருங்கிக்கொண்டிருந்தது.

வாவிக் காற்றுப் படும் இந்தத் தரையில், காலையில் தெளித்த தண்ணீர் மத்தியானம்வரை கிடக்கும். இது அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்க்கொண்டிருந்தது, கையில் பட்ட அசிட்டோனைப் போல.

இப்றாஹிம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான்.

நோபேட் ஏன் அவ்வளவு நேரம் தன் முகத்தைப் பார்த்தார் என்பது அப்போதுதான் யோகராசாவுக்கு விளங்கியது. கண்ணகையின் முகத்தை அவனும் அப்படித்தான் பார்ப்பான்.

நெருப்புக்குச்சி பெட்டியின் பக்கத்தைத் தொட்டது. யோகராசா பாய்ந்து, பெட்டியையும் குச்சியையும் அவற்றைப் பிடித்திருந்த கைகளையும் சேர்த்துப் பொத்தினான்.

நோபேட்டின் கண்கள் சிவந்தன. இதுவரை அங்கே எவரும் அவர்மேல் கைவைத்ததில்லை.

“வெளிய போய்ப் பத்துவம் அண்ணன்,” என்றான் யோகராசா. “ரெண்டு பேரும்.”

நோபேட் அவனைப் பார்த்தார். அவன் பார்த்துக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்தார்.

ஊற்றியது எதுவும் தரையில் இல்லை.