ஆண்களுக்கான புது ஊசி

ஆண்களுக்கான புதிய கருத்தடை ஊசியைச் சோதனையாகப் போட்டுக்கொள்ளச் சம்மதித்து, வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சி மருத்துவமனைக்கு வந்த சவரியப்பன் மல்லாந்து படுத்திருக்கிறான். விளக்கின் வெள்ளை வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. தட்டில் ஊசியை வைக்கும் சத்தம் கேட்டதும் கட்டில் கம்பியை இறுகப் பிடிக்கிறான். “டாக்டர், ஆம்பளத்தனம் போய்டாதுங்களே?” “இதுவரைக்கும் யாருக்கும் அப்படி ஆகல. பயமா இருந்தா இப்பவே நீங்க எழுந்து போகலாம்.” கதவருகே அவன் மனைவி எஸ்தர் வெளிறிப்போய் நிற்கிறாள். போன பிரசவத்தில், மலைப்பாதையில் ஜீப்புக்குள்ளேயே ரத்தம் பெருகி அவள் கண் செருகியது; இன்னொரு பிள்ளை என்றால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லிவிட்டார்கள். “வாய்யா, வூட்டுக்குப் போயிடலாம். எனக்குப் பயமாகீது” என்கிறாள். “எனக்குந்தான். நீ அந்தப் பக்கம் பாரு” என்றவன், அவளிடமிருந்து கண்ணை எடுக்காமலே டாக்டரிடம் சொல்கிறான்: “போடுங்க.”