டம்ளரை மூடிய கை

"நேரா கண்ணப் பாரு. சத்தமா வேண்டாம்னு சொல்லு," என்றாள் டீச்சர்.

பையன் தரையைப் பார்த்தான்.

வகுப்பு சிரித்தது.

போதைத் தடுப்பு வகுப்புக்கான புத்தகம் பட்டணத்திலிருந்து வந்திருந்தது. நல்ல வழவழப்பான தாள். அதில் ஒருவன் நண்பனுக்கு பீர் நீட்டுகிறான். நண்பன் நெஞ்சை நிமிர்த்தி மறுக்கிறான். இருவருமே ஜீன்ஸ் போட்டிருந்தார்கள். ஒரு வரி மாறாமல் நடத்தவேண்டும் என்று சொல்லித்தான் அவளுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

"ஃபிரண்டுன்னா சொல்லிருவோம் டீச்சர்," என்றான் கடைசி பெஞ்சு காளிராஜ். "எங்களுக்கு ஊத்திக் குடுக்குறது மாமா. மாமா மூஞ்சியப் பாத்து எப்பிடி வேண்டாம்னு சொல்ல?"

நியாயம்தான். அவளே தன் மாமனாரிடம் இதுவரை ஒரு வேண்டாம் சொன்னதில்லை.

புத்தகத்தில் 'நண்பன்' என்பதை அடித்து 'மாமா' என்று எழுதினாள். காளிராஜையே மாமாவாக்கினாள். மேசைமேல் ஒரு டம்ளர். பாட்டிலில் தண்ணீர்.

"யாராவது வந்து மறுத்துக் காட்டுங்க."

எழுந்தது முத்துப்பேச்சி. வருகைப்பதிவுக்குக்கூட வாய் திறக்காத பெண். பதினொன்றாம் வகுப்போடு நிறுத்தி அவளை மில் வேலைக்கு அனுப்பப்போகிறார்கள் என்று ஒரு வாரமாகப் பேச்சு.

வந்து உட்கார்ந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை. பாட்டில் சாய்ந்ததும் டம்ளர்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள். பந்தியில் போதும் என்பதற்கு இலையை மறைப்போமே, அப்படி.

காளிராஜ் நின்றுவிட்டான்.

"ஊத்துடா," என்றார்கள் எல்லோரும்.

"கைமேல எப்பிடிடா ஊத்துறது?"

அன்று வகுப்பு முழுக்க அதைத்தான் பழகியது. புத்தகத்தில் 'கண்ணைப் பார்' என்ற வரியையும் டீச்சர் அடித்தாள். அவளுக்குத் தாங்கமுடியாத சந்தோஷம்.

திங்கட்கிழமை முத்துப்பேச்சியின் அப்பா டி.சி. வாங்க வந்தார். மகளையும் கூட்டிவந்திருந்தார்.

தலைமையாசிரியர் அறையில் டீச்சர் அவரிடம் மன்றாடிப் பார்த்தாள்.

"பொம்பளப் புள்ளைக்கு இம்புட்டுப் படிப்பு போதும் டீச்சர்," என்றார் அப்பா. கோபப்பட முடியாத அளவுக்கு மரியாதையாகச் சொன்னார்.

தலைமையாசிரியர் தன் பேனாவைத் திறந்து கொடுத்தார். விண்ணப்பத்தை மேசையில் நகர்த்திவைத்தார்.

அப்பா குனிந்தார்.

கையெழுத்துப் போடும் இடத்தில் ஓர் உள்ளங்கை விரிந்திருந்தது.

முத்துப்பேச்சி யாரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கைய எடு தாயி."

கை அங்கேயே இருந்தது.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

பிறகு, பேனாவின் மூடி எங்கே என்று மேசைமேல் தேடினார்.