ஓட்டோவின் நிரந்தர வீடு

வலைக்கூண்டின்மேல் ஈரத்துணியைப் போர்த்தி, அதைத் தூக்கிக்கொண்டு லைப்சிக் நகர வெயிலில் ஓடினாள் ஹைக்கெ. உள்ளே, நீர்வற்றிக் கண்கள் குழிவிழுந்த பச்சோந்தி அசையாமல் கிடந்தது.

"கொஞ்சம் பொறுடா ஓட்டோ! உன் சொந்த வீட்டுக்கே போயிடலாம்."

"இது தற்காலிகக் கூண்டு ஹைக்கெ. நிரந்தரக் கூண்டு நண்பனோட பட்டறையில தயாராகுது, செயற்கை மழையெல்லாம் உண்டு" என்று மூன்று வாரமாகச் சொல்லிவந்தான் கணவன் டோர்ஸ்டன். இன்று ஃபோனை எடுக்கவில்லை. மழைக்கருவி வாங்கிய ரசீதில் அதைக் கொண்டுசேர்த்த முகவரி இருந்தது.

அங்கே பட்டறையைக் காணோம். அடுக்குமாடிக் குடியிருப்புதான் நின்றது. வாசலில் வரிசையாக அழைப்புமணிகள். நண்பன் பெயரைத் தேடிய விரல், பளபளக்கும் புதுப் பெயர்த்தகடு ஒன்றில் நின்றது. அதில் இருந்தது அவள் கணவனின் பெயர்.

அழுத்தினாள்.

மணிக்கு மேலிருந்த ஒலிபெருக்கியில் ஒரு பெண் சிரித்தாள். "மறுபடியும் சாவியை மறந்துட்டியாடா? ஓட்டோவையாவது குடுத்தாளா உன் பொண்டாட்டி?"