மேடு வந்தால் இறங்க வேண்டும்

“எறங்கு,” என்றான் கணவன்.

அவள் இறங்கினாள்.

அந்தக் காரிலிருந்து இறங்குவது சும்மா இல்லை. இருக்கை தரையோடு தரையாகக் கிடக்கிறது. முதலில் காலை வெளியே போட்டு, கதவைப் பிடித்து, முக்கி எழ வேண்டும். எழுந்தால் தலைக்கு மேல் வெயில்.

“குனிஞ்சு பாரு, தட்டுதான்னு.”

நடுரோட்டில் குத்துக்காலிட்டு, துப்பட்டாவை அள்ளிப் பிடித்துக்கொண்டு, காரின் அடியில் பார்த்தாள். மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார் ஊர்ந்து வந்து வேகத்தடையில் குறுக்காக ஏறியது. அடி தட்டாமல் அந்தப் பக்கம் இறங்கி நின்றது.

நடந்து போய் ஏறிக்கொண்டாள்.

“நீ எறங்குனா ஒரு இஞ்ச் தூக்குது தெரியுமா?” என்றான் சந்தோஷமாக.

வெகு நாளாகத் திட்டம் போட்ட பயணம். சென்னையிலிருந்து ராமேஸ்வரம். இருக்கையும் இரண்டு, ஆளும் இரண்டு. பாதித் தூரம் அவன் ஓட்டுவது, பாதித் தூரம் அவள். அவனாகத்தான் சொன்னான். அந்த ஒரு பேச்சை நம்பித்தான் அலுவலகத்தில் கெஞ்சி விடுப்பு வாங்கினாள். பாரம் கூடினால் கார் தட்டும் என்று அவன் சொன்னதற்காகப் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு ஒரு துணிப்பையோடு கிளம்பினாள்.

சிதம்பரம் தாண்டித் தருகிறேன் என்றான்.

நாகப்பட்டினம் போகட்டும் என்றான்.

முத்துப்பேட்டையில் டீ குடித்துவிட்டு, இந்த ரோடு உனக்குச் சரிப்பட்டு வராது, பார்க்கலாம் என்றான்.

நாலுவழிச் சாலையில் போயிருக்கலாம். அதில் சுவாரசியம் இல்லையாம். கடலோரமாகப் போனால்தான் இந்தக் காருக்கு அழகாம். கடலோரச் சாலையிலோ ஊருக்கு ஊர் மேடு. பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, பள்ளிவாசலுக்கு ஒன்று. யாராவது வண்டியில் அடிபட்டால் ஊரே கூடி ஒரு மேட்டைப் போட்டுவிடுகிறது. அளவெல்லாம் கிடையாது. கோபம் எவ்வளவோ, மேடும் அவ்வளவு.

“எறங்கு.”

இறங்கினாள்.

பத்து வருடமாக அம்பத்தூர் லாரிகளுக்கு நடுவே பழைய காரை ஓட்டி வேலைக்குப் போய் வருகிறவள். அதற்கு அவன் ஒரு நாளும் ரோடு சரியில்லை என்று சொன்னதில்லை.

பைக்கில் வந்த இரண்டு பேர் காரைச் சுற்றி வந்தார்கள்.

“அண்ணே, எவ்ளோ மைலேஜ் குடுக்கும்?”

அவன் கண்ணாடியை இறக்கி விளக்கம் சொல்ல ஆரம்பித்தான். அது முடிகிற பாடாக இல்லை. படம் எடுக்க வேண்டும், கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா என்று அவளிடம் சொன்னார்கள்.

தள்ளி நின்றாள். வாயைத் திறந்தால் சண்டை. சண்டை வந்தால், உன்னால்தான் பயணமே கெட்டது என்பான். எரிச்சலை விழுங்கிக்கொண்டாள்.

கட்டுமாவடியில், மீன் கூடையோடு பஸ்ஸுக்கு நின்ற பெண் அவளைப் பாவமாகப் பார்த்தாள்.

“ஏம்மா, வண்டி ரிப்பேரா? தள்ளிவுடவா?”

“இல்லக்கா. வண்டி நல்லாத்தான் இருக்கு.”

சொல்லும்போதே அழுகை முட்டியது.

மீமிசல் தாண்டி ஒரு மேடு. புதிது. வெள்ளைக் கோடுகூட இன்னும் போடவில்லை.

அவன் சொல்வதற்குள் இறங்கிவிட்டாள்.

குறுக்காக ஏற்றினான். கரகரவென்று தட்டியது. தன்னையே யாரோ அறைந்ததுபோல் முகத்தைச் சுளித்தான். பின்னால் எடுத்து, எதிர்ப்பக்கமாக ஏற்றினான். தட்டியது. தன் பையை எடுத்து அவளிடம் கொடுத்தான். கேமராப் பையைக் கொடுத்தான். தண்ணீர் பாட்டிலைக்கூட விடவில்லை. எல்லாவற்றையும் சுமந்துகொண்டு அவள் சாலையோரம் நின்றாள்.

அப்போதும் தட்டியது.

பின்னால் டவுன் பஸ் வந்து ஹாரன் அடித்தது. எதிரே ஒரு வேன். ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள், சில கைகளில் செல்போன்.

அவன் அவளைப் பார்த்தான். இன்னும் எதையாவது இறக்க முடியுமா என்று கேட்கிற பார்வை.

அவள் பைகளைக் கீழே வைத்தாள்.

“நீங்க எறங்குங்க.”

புரியாமல் விழித்தான். ஆள் வாட்டசாட்டம். எடையில் அவளைப்போல் இரண்டு பங்கு இருப்பான். சிதம்பரத்துக்கு முன்பே அவளுக்கு இது தோன்றியிருந்தது. அவனுக்குத் தோன்றட்டும் என்று இவ்வளவு நேரம் இருந்துவிட்டாள்.

கண்டக்டர் படியில் தொங்கியபடி கத்தினார். “யாராச்சும் ஒரு ஆளு எடுங்க சார்!”

காலை வெளியே போட்டான். கதவைப் பிடித்தான். முக்கி எழுந்தான். மெதுவா, பாத்து, குறுக்கா என்று எழும்போதே பாடம் நடத்தினான்.

அவள் உட்கார்ந்தாள். இருக்கையை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் தன் கண்ணுக்குத் திருப்பிக்கொண்டாள்.

ஏற்றினாள்.

ஒரு சக்கரம். அடுத்தது.

அடியில் சத்தமே இல்லை.

மேட்டுக்கு அந்தப் பக்கம் ஓரமாக நிறுத்தினாள். பஸ் அவளைக் கடந்து போனது. உள்ளே யாரோ கைதட்டினார்கள்.

பைகளைச் சுமந்துகொண்டு அவன் வந்து சேர்ந்தான். சட்டை நனைந்திருந்தது. பைகளைப் பின்னால் திணித்துவிட்டு, நேராக ஓட்டுநர் கதவுக்கு வந்தான்.

“எறங்கு,” என்றான்.

அவள் முன்னால் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை மேடு எதுவும் இல்லை.

சாய்ந்து, கையை நீட்டி, இடது பக்கக் கதவைத் திறந்துவிட்டாள்.