எழிலரசியின் பதிலி

பாதி வகுப்பு கல்லூரியில், மீதி வீட்டில் திரைவழியே. வரமுடியாத பிள்ளைக்குப் பதிலாக, அந்தப் பிள்ளையின் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பழகிய கணினிப் பதிலி குழு விவாதத்தில் அதே குரலில் பேசும். எழிலரசி காய்ச்சலில் இறந்த பிறகும் அவளுடைய பதிலியை நீக்க யாருக்கும் மனம் வரவில்லை. "பரீட்சை வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்மா" என்று பேராசிரியர் போனில் சொன்னபோது, தாய் செல்வநாயகியும் சரியென்றாள்.

புதன்கிழமைதோறும் மகளின் மடிக்கணினியைத் திறந்துவைத்துவிட்டு, அறை வாசலில் நின்று கேட்பாள். இன்று கடல்நீரைக் குடிநீராக்குவது பற்றிய விவாதம். எழிலரசியின் குரல் எல்லோரையும் மடக்கி மடக்கிக் கேள்வி கேட்டது. சட்டென்று நிறுத்தியது.

"ஒரு நிமிஷம் சார், அம்மா கூப்பிடுதாங்க. இந்தா வந்துருதேன்."

செல்வநாயகி கூப்பிடவே இல்லை. ஆனால் மகள் இருந்தபோது ஒரு வகுப்பையாவது முழுதாகக் கேட்கவிட்டாளா? "ஏட்டி, தண்ணி வந்துட்டு, கொடத்த எடு!" என்று அடுக்களையிலிருந்து கத்தாத நாளில்லை. பதிலி அதையும் சேர்த்தே பழகியிருக்கிறது.

திரையில் மகளின் கட்டம் இருண்டது. மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

செல்வநாயகி தன்னையறியாமல், வாசலிலிருந்து ஒதுங்கி வழிவிட்டாள்.